ஏற்றுமதித் தடை, சுங்கம், துறைமுகம் பற்றிய வதந்திகளை விவசாயிகள் ஆராய்ந்தறியும் முறை

திமிரி வட்டாரத்துக் கிராமங்களில் விளையும் நெல்லும் மணிலாக்கொட்டையும் களத்தைவிட்டு நீங்கியபின் எவ்வழியே எவ்வூர் சென்று சேர்கின்றன என்பதை விளைவித்தவர் பெரும்பாலும் அறியார். மண்டிக்குப் போய்ச் சேர்ந்ததோடு அவர் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆயினும், சென்னைத் துறைமுகத்தில் ஒரு கப்பலுக்கு அனுமதி மறுக்கப்பட்டால் அதன் விளைவு சில நாட்களில் ஆர்க்காட்டு மண்டி விலையில் தெரிகிறது. அனுமதி மறுக்கப்படாமலேயே, மறுக்கப்பட்டதாக ஒரு பேச்சுப் பரவினாலும் அதே விளைவு உண்டாகிறது. இப்பின்னதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது. ஏற்றுமதி நின்றுவிட்டது, வரி போட்டுவிட்டார்கள், எல்லையில் வண்டியை மடக்குகிறார்கள், இன்ன ஊரில் புதிதாகச் சுங்க நிலையம் திறந்துவிட்டார்கள் என்பன போன்ற செய்திகள் அறுவடைக் காலத்தில்தான் அதிகமாக உலவும். கையிலுள்ள சரக்கை இன்றே தள்ளிவிடுவதா, ஒரு மாதம் வைத்திருப்பதா என்று விவசாயி முடிவுசெய்ய வேண்டிய தருணமும் அதுவே.

செய்தியைக் கேட்டு முடிவுசெய்வதில் உள்ள அபாயத்துக்குத் திமிரியை ஒட்டிய பழைய சரித்திரமே ஓர் உதாரணம் தருகிறது. 1751-ஆம் ஆண்டில் கிளைவ் என்பவர் சிறு படையுடன் ஆர்க்காட்டை நோக்கி வந்தபோது, இடியையும் மின்னலையும் பெருமழையையும் பொருட்படுத்தாது அப்படை நடந்து வருவதாக ஒற்றர் சென்று கூறினர். அதனைக் கேட்ட கோட்டைக் காவற்படை, அது ஏதோ தீய நிமித்தமென்று கருதிக் கோட்டையைக் காலிசெய்து வெளியேறிற்று. வெளியேறியவர்கள் வந்து தங்கிய இடம் திமிரிக் கோட்டையின் பக்கமே. ஒற்றர் சொன்னதில் பொய் இல்லை. மழையில் நடந்து வந்தது உண்மை. அதிலிருந்து கேட்டவர்கள் கொண்ட முடிவே பிழையானது. வியாபார வதந்திகளும் பெரும்பாலும் இத்தன்மையனவே. முழுப்பொய்யை எளிதில் தள்ளிவிடலாம். ஓர் உண்மையின் துண்டைப் பிடித்துக்கொண்டு வருவதைத் தள்ளுவது கடினம்.

வெங்காயத்தின் கதை

மிகத் தெளிவான உதாரணம் மகாராஷ்டிரத்தில் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நிகழ்ந்தது. வெங்காய ஏற்றுமதிக்கு மத்திய சர்க்கார் 2023 டிசம்பர் 8 முதல் தடை விதித்திருந்தது. அத்தடைக்கு 2024 மார்ச்சு 31 வரை கெடு குறிக்கப்பட்டிருந்தது. இடையில் பிப்ரவரி நடுவில், தடை நீக்கப்பட்டுவிட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. நாசிக் ஜில்லாவிலுள்ள லாசல்கான் நாட்டின் மிகப்பெரிய வெங்காயச் சந்தையாகும். அங்கே பிப்ரவரி 17-ந் தேதி குவிண்டால் 1,280 ரூபாயாக இருந்த விலை, 19-ந் தேதி 1,800 ரூபாயாயிற்று. அதாவது இரண்டே நாளில் நூற்றுக்கு நாற்பது வீதம் ஏற்றம். மறுநாள் நுகர்வோர் விவகார இலாகாவின் செயலர், தடை நீக்கப்படவில்லை என்றும், நிலைமையில் எவ்வித மாறுதலும் இல்லை என்றும் வெளிப்படையாகத் தெரிவித்தார்.

தடை நீக்கப்பட்டதென்ற பேச்சுக்கு அடிப்படையே இல்லையா எனில், இருந்தது. அண்டை நாடுகள் சிலவற்றுக்கு வரம்புக்குட்பட்ட அளவு வெங்காயத்தைச் சர்க்கார் ஏற்பாட்டின் மூலம் அனுப்புவது பற்றிய ஆலோசனை அப்போது நடைபெற்றுக்கொண்டிருந்தது. பின்னர் மார்ச்சு மாதத் தொடக்கத்தில் வங்காளதேசத்துக்கு 50,000 டன்னும், ஐக்கிய அரபு எமிரேட்டுகளுக்கு 14,400 டன்னும் தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனத்தின் வழியாக அனுப்ப அனுமதி அளிக்கப்பட்டது. இஃது ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்கு, குறிப்பிட்ட நாட்டுக்கு, குறிப்பிட்ட அளவுக்கு மட்டுமான அனுமதி. கிராமத்துக்கு வந்து சேரும்போது இம்மூன்று நிபந்தனைகளும் உதிர்ந்துபோய், “அனுமதித்துவிட்டார்கள்” என்ற ஒரு சொல்லே மிஞ்சியது. பொதுத் தடை உண்மையில் நீங்கியது 2024 மே 4-ந் தேதியில்தான். அப்போதும் டன்னுக்கு 550 டாலர் என்ற குறைந்தபட்ச விலையும், நூற்றுக்கு 40 வீத ஏற்றுமதி வரியும் இருந்தன. செப்டம்பரில் குறைந்தபட்ச விலை எடுக்கப்பட்டு வரி 20 வீதமாயிற்று. அவ்வரியும் 2025 ஏப்ரல் 1 முதல் நீங்கியது.

இவ்வரலாற்றில் கிராம அலுவலர்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஒரு மாறுதல் ஆலோசனையிலிருந்து அமலுக்கு வருமுன் பல படிகளைக் கடக்கிறது. மந்திரிகளின் கூட்டத்தில் பேசப்படுதல் ஒரு படி. அயல்நாட்டு வாணிபத் தலைமை இயக்குநரகம் அறிவிக்கை வெளியிட்டு அது இந்திய கெஜட்டில் பிரசுரமாதல் மற்றொரு படி. துறைமுகத்திலுள்ள சுங்க அதிகாரி இரண்டாவதையே பார்ப்பார். முதற்படியைச் செய்தியாகக் கேட்டு, இரண்டாவது நடந்துவிட்டதாக எண்ணிச் சரக்கை வாங்கிக் குவித்தவர்களும், பயந்து விற்றவர்களும் லாசல்கானில் மட்டும் இருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை.

அரிசி என்றால் எந்த அரிசி?

திமிரிப் பக்கத்து விவசாயிகளுக்கு வெங்காயத்தைவிட நெல்லே முக்கியம். 2023 ஜூலை 20-ந் தேதி, 2023-ஆம் ஆண்டின் 20-ஆம் எண் அறிவிக்கையின்படி, பாசுமதியல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. “அரிசி ஏற்றுமதி நின்றுவிட்டது” என்ற செய்தி அன்றிரவே உலகெங்கும் பரவிற்று. அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் கடைகளில் வரிசையாக நின்று மூட்டை மூட்டையாக வாங்கிச் சென்றனர்.

அத்தடை எல்லா அரிசிக்குமானதன்று. வெள்ளை அரிசி என்று ஆங்கு குறிக்கப்பட்டது, புழுக்காமல் குற்றிய அரிசி. நம் வழக்கில் பச்சரிசி. புழுங்கல் அரிசிக்குத் தடை விதிக்கப்படவேயில்லை. பாசுமதிக்கும் இல்லை. தமிழ்நாட்டு வீடுகளில் நாள்தோறும் உலையேறுவதும், சிங்கப்பூரிலும் மலேயாவிலும் உள்ள தமிழர் விரும்பி வாங்குவதும் பெரும்பாலும் புழுங்கல் அரிசியே. ஆகவே, புழுங்கலுக்கு உகந்த நெல்லை விளைத்திருந்த ஒருவர், ஜூலைச் செய்தியைக் கேட்டு அஞ்சி விலையைக் குறைத்துக்கொண்டு விற்றிருப்பாரானால் அது காரணமற்ற நஷ்டமாகும். குவிண்டாலுக்கு 150 ரூபாய் குறைத்து 60 குவிண்டால் விற்றவருக்கு 9,000 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கும்.

ஆனால் புழுங்கல் அரிசிக்கும் ஒரு மாதம் கழித்து நிலைமை மாறிற்று. 2023 ஆகஸ்டு 25-ந் தேதி அதன்மேல் நூற்றுக்கு 20 வீதம் ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. வரி என்பது தடையன்று; சரக்குப் போகும், வாங்குவோன் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு சர்க்காருக்குச் சேரும். இவ்விரண்டையும் ஒன்றாகப் பேசுவது மண்டிகளில் சகஜம். 2024 செப்டம்பர் 27-ல் அவ்வரி 10 வீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கடுத்த நாள் வெள்ளை அரிசியின் தடை நீங்கியது. ஆயினும் டன்னுக்கு 490 டாலருக்குக் குறைந்து விற்கலாகாதென்ற நிபந்தனை இருந்தது. அக்டோபர் மாதத்தில் புழுங்கலின் வரியும், வெள்ளை அரிசியின் குறைந்தபட்ச விலையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்பட்டன. நொய்யரிசியின் கதை இவற்றோடு சேராது. அதன் தடை 2022 செப்டம்பரிலேயே தொடங்கி, 2025 மார்ச்சில்தான் முடிந்தது. ஒரே நெல்லை அரைத்த ஒரே ஆலையிலிருந்து வரும் அரிசிக்கு ஒரு சட்டம், நொய்க்கு ஒரு சட்டம், புழுக்கினால் வேறொரு சட்டம் என்றிருந்த அக்காலத்தில், “அரிசிக்குத் தடை உண்டா இல்லையா?” என்று பொதுவாகக் கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை சொன்னவர் எவராயினும் தவறாகவே சொல்லியிருப்பார்.

தடைக்குப்பின் துறைமுகத்திலிருந்து அரிசிக் கப்பல்கள் புறப்பட்டதைக் கண்டவர் சிலர், தடை வெறும் பேச்சே என்று எண்ணியதுண்டு. அறிவிக்கைக்கு முன்பே கப்பலில் ஏற்றத் தொடங்கிய சரக்கு போகலாமென்று அவ்வறிவிக்கையே விலக்கு அளித்திருந்தது. மேலும், உணவுத் தேவைக்காக வேண்டிக் கேட்ட நாடுகளுக்குத் தனி அனுமதி கொடுக்கப்பட்டது. சிங்கப்பூருக்கு 50,000 டன் அவ்விதம் ஒதுக்கப்பட்டது. எனவே கண்ணால் கண்ட கப்பலும் இவ்விஷயத்தில் சாட்சியாகாது.

2025 செப்டம்பரில் மற்றோர் அறிவிக்கை வந்தது. பாசுமதியல்லாத அரிசியை ஏற்றுமதி செய்வோர் தங்கள் ஒப்பந்தத்தை அபீடா எனப்படும் வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தில் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். பதிவு செய்யவேண்டியவர் ஏற்றுமதியாளர், விவசாயியல்லர். நெல் விற்கும் விவசாயியிடம் “பதிவுச் செலவு” என்று யாரேனும் பிடித்தம் செய்தால் அதற்கு இவ்வறிவிக்கையில் ஆதாரமில்லை.

சர்க்கார் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் கொடுக்கும் விலை இவ்வேற்றுமதிச் செய்திகளால் பருவத்தின் நடுவில் மாறுவதில்லை. 2025–26 பருவத்துக்குத் தமிழ்நாட்டில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துச் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,500 ரூபாயும், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாயும் நிர்ணயிக்கப்பட்டன. வியாபாரிகள் 75 கிலோ மூட்டைக்கு விலை பேசுவதால் ஒப்பிடுவதில் குழப்பம் நேர்கிறது. மூட்டைக் கணக்கில் அவை முறையே 1,875 ரூபாயும், 1,908 ரூபாய் 75 காசும் ஆகும். வதந்தியைக் காட்டி விலை குறைக்கப்படும் நாளில் இக்கணக்கு மனத்திலிருத்தல் நலம்.

சுங்கம் என்னும் சொல்லால் வரும் மயக்கம்

சுங்கம் என்பது மிகப் பழைய சொல். கி.பி. 1070-ல் அரியணையேறிய முதற் குலோத்துங்கனுக்குச் சுங்கந்தவிர்த்த சோழன் என்று பெயர் வழங்கியது. அக்காலத்தில் நாட்டுக்குள்ளேயே வழிகளிலும் நகரவாயில்களிலும் சரக்கின்மேல் வாங்கப்பட்ட ஆயத்தையே அச்சொல் குறித்தது. நவாபுகள் காலத்திலும் கம்பெனியார் காலத்திலும் இவ்வழிவரி சாயர் என்ற பெயரால் தொடர்ந்தது. வண்டிக்காரன் ஒரு ஜில்லாவைக் கடப்பதற்குள் பல சாவடிகளில் நிற்கவேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1844-ஆம் வருஷத்து 6-ஆவது ஆக்டினால் அவ்வுள்நாட்டுச் சுங்கம் ஒழிக்கப்பட்டது.

இன்று அச்சொல் இரண்டு வேறு பொருள்களில் வழங்குவதே மயக்கத்துக்குக் காரணம். தேசிய நெடுஞ்சாலையில் வாலாஜாவையடுத்த சென்னசமுத்திரத்திலும், வேலூருக்கு மேற்கே பள்ளிகொண்டாவிலும் உள்ளவை சுங்கச்சாவடிகள் என்றே அழைக்கப்படுகின்றன. அங்கே வாங்கப்படுவது சாலையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம். வண்டியில் நெல் இருந்தாலும் தோல் இருந்தாலும் வெறும் வண்டியாயினும் வண்டியின் வகைக்கேற்பவே கட்டணம். சரக்கைச் சோதிக்கவோ தடுக்கவோ அங்குள்ளவருக்கு அதிகாரமில்லை. 1962-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின்படி வாங்கப்படும் சுங்கம் முற்றிலும் வேறு. அது நாட்டின் எல்லையைக் கடக்கும் சரக்குக்கே உரியது.

சித்தூர் இங்கிருந்து தொலைவில் இல்லாமையால், ஆந்திர எல்லையில் சரக்குக்குச் சுங்கம் உண்டென்ற பேச்சு திமிரிப் பக்கத்தில் எளிதில் நம்பப்படும். ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குப் போகும் பொருளுக்குச் சுங்க வரி கிடையாது. எல்லையில் முன்பு இருந்த வணிகவரிச் சோதனைச்சாவடிகள், சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தபின் எடுக்கப்பட்டுவிட்டன. நெல்லுக்கு அவ்வரியும் இல்லை. வரியில்லாத பொருளாகையால் மின்வழிச் சீட்டும் வேண்டுவதில்லை. எல்லையில் நிற்கும் வாகனப் போக்குவரத்து அதிகாரி வண்டியின் உரிமத்தையும் பாரத்தின் அளவையும் பார்ப்பார். போலீசாரும் நிறுத்திக் கேட்கலாம். ரேஷன் அரிசியைக் கடத்துவது தனிக் குற்றமாகையால் அரிசி வண்டியை நிறுத்துவதற்குக் காரணமும் உண்டு. தம் நிலத்து நெல்லைக் கொண்டுசெல்பவர் நிலப் பட்டா நகலையும் கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற சாகுபடிச் சான்றையும் கூட வைத்திருப்பாராயின் இத்தகைய விசாரணையில் வீண் தாமதம் நேராது.

சுங்க நிலையம் எங்கே உண்டு, எங்கே இல்லை

ஏற்றுமதிச் சரக்கைச் சுங்க அதிகாரி பார்வையிட்டு அனுப்பும் இடம் எதுவாயினும் அது சுங்கச் சட்டத்தின் 7-ஆவது பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். கடல்துறை, விமானநிலையம், உள்நாட்டுக் கன்டெய்னர் நிலையம், தரைவழிச் சுங்க நிலையம் ஆகிய யாவும் இவ்விதியில் அடங்கும். தமிழ்நாட்டுக்கு அயல்நாட்டோடு தரையெல்லை இல்லாமையால் தரைவழிச் சுங்கத்துக்கு இங்கு இடமில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துச் சரக்குகள் பெரும்பாலும் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் வழியாகச் செல்கின்றன. கடற்கரைக்கு வாராமலே சுங்கக் காரியங்களை முடித்துக்கொள்ள இருங்காட்டுக்கோட்டையிலும் அரக்கோணத்தையடுத்த மேல்பாக்கத்திலும் உள்நாட்டுக் கன்டெய்னர் நிலையங்கள் உண்டு.

ஒரு திட்டத்துக்கு அடிக்கல் நாட்டுவதும், அங்கே சுங்க நிலையம் நடைபெறுவதும் ஒன்றல்ல. திருவள்ளூர் ஜில்லா மப்பேட்டில் பல்வகைப் போக்குவரத்துச் சரக்குப் பூங்காவுக்கு 2022 மே 26-ந் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. பனப்பாக்கத்தில் தொழிற்பேட்டை வளர்வதும், அங்கே மோட்டார்த் தொழிற்சாலைக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் 2024-ல் அடிக்கல் நாட்டியதும் எல்லோரும் அறிந்தவை. இத்தகைய வைபவம் நடந்த மறுவாரமே, “பக்கத்திலேயே துறைமுகம் வரப்போகிறது, நிலத்தை இப்போதே இன்ன விலைக்குப் பேசிவிடு” என்று தரகர் வருவது வழக்கம். நிலத்தை விற்பதும் விடுவதும் அவரவர் இஷ்டம். ஆயின் அவ்விலைக்குக் காரணமாகச் சொல்லப்படும் சுங்க நிலையத்துக்கு 7-ஆவது பிரிவின்கீழ் அறிவிக்கை உண்டா, அதன் எண்ணும் தேதியும் யாவை என்று கேட்பது எளிது. உண்மையாயின் எண் சொல்லப்படும்.

நேரே ஏற்றுமதி செய்ய விரும்பும் விவசாயிகளிடமும் உற்பத்தியாளர் கம்பெனிகளிடமும், “சுங்க லைசென்சு” வாங்கித் தருவதாகப் பெருந்தொகை கேட்போர் உண்டு. முதலில் வேண்டுவது ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண் மட்டுமே. அயல்நாட்டு வாணிப இயக்குநரகத்தின் இணையதளத்தில் நேரே விண்ணப்பித்து 500 ரூபாய் கட்டணத்தில் அதனைப் பெறலாம். உணவுப்பொருளாயின் அபீடாவில் பதிவும், வாங்கும் நாடு கேட்குமாயின் தாவர நலச் சான்றும் பின்னர் வேண்டும். துறைமுகத்தில் ஆவணம் தாக்கல் செய்ய உரிமம் பெற்ற சுங்கத் தரகரை அமர்த்திக்கொள்ளலாம்; அவர் உரிமத்தின் எண்ணைக் கேட்டறிவது முறையே.

தோலைப்பற்றி உலவும் செய்திகள்

பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களுக்குத் தோல் பதனிடுதல் தலைமுறைத் தொழில். மாடும் ஆடும் வைத்திருக்கும் விவசாயிக்குப் பச்சைத்தோலின் விலை ஒரு சிறு வருமானம். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை சேகரித்து விற்றவருக்கும் அப்படியே. தோலின்மேல் ஏற்றுமதி வரி என்பது புதிய விஷயமன்று. 1919-ஆம் ஆண்டில் பச்சைத்தோலுக்கு நூற்றுக்கு 15 வீதம் ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது; பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் பதனிட அனுப்பினால் அதில் மூன்றில் இரு பங்கு திருப்பிக் கொடுக்கப்பட்டது. 1923-ல் அவ்வரி 5 வீதமாகக் குறைக்கப்பட்டது. தோல் பதனிடுவோர் வரியை ஆதரித்தனர். பச்சைத்தோல் ஏற்றுமதி வியாபாரிகள் எதிர்த்தனர். ஒருவர்க்கு லாபமாவது மற்றவர்க்கு நஷ்டம் என்பது அன்றே தெளிவு. சுதந்திரத்துக்குப்பின் 1972-ல் சீதாராமையா கமிட்டி, பச்சைத்தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் வெளியே செல்வதைக் குறைத்து, முடித்த தோலாகவும் செருப்பாகவும் அனுப்பவேண்டுமென்று சிபாரிசு செய்தது. அதுமுதல் சர்க்காரின் கொள்கை பெரும்பாலும் அவ்வழியிலேயே சென்றது.

2025-ல் இரண்டு மாறுதல்கள் வந்தன. பிப்ரவரி 1-ந் தேதி பட்ஜெட்டில், வெட் புளூ எனப்படும் குரோமில் முதற்பதம் செய்த தோலின் இறக்குமதிக்கு இருந்த 10 வீத வரி நீக்கப்பட்டது. கிரஸ்ட் தோலின் ஏற்றுமதிக்கு இருந்த 20 வீத வரியும் எடுக்கப்பட்டது. பிறகு மே மாதத்தில், முடித்த தோல், வெட் புளூ, ஈ.ஐ. தோல் ஆகியவற்றைக் குறிப்பிட்ட சில துறைமுகங்கள் வழியாகவே அனுப்பவேண்டுமென்ற பழைய கட்டுப்பாடு நீக்கப்பட்டது. சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் பரிசோதனைச் சான்று பெறவேண்டுமென்ற நிபந்தனையும் அத்துடன் நீங்கியது. எத்துறைமுகத்திலும் எந்நிலையத்திலும் இவற்றை அனுப்பலாமாயிற்று.

“தோலுக்குக் கட்டுப்பாடெல்லாம் போயிற்று, இனிப் பச்சைத்தோலும் தாராளமாக வெளியே போகும், விலை இரட்டிக்கும்” என்று இதைக்கொண்டு முடிவுகட்டினால் அது பிழை. இவ்விரு மாறுதல்களும் பதனிட்ட தோலைப்பற்றியவை. பச்சைத்தோலைப்பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. அன்றியும், வெட் புளூ வரியின்றி வெளிநாட்டிலிருந்து வருமாயின் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் பெருகுமேயன்றிக் குறையாது. அதனால் உள்ளூர்ப் பச்சைத்தோலுக்குக் கிராக்கி ஏறுவதைவிட அயல் சரக்கோடு போட்டி ஏற்படுவதே எதிர்பார்க்கத்தக்கது. பெரியமேட்டு விலையையும் ஈரோட்டுச் சந்தை விலையையும் விசாரித்தபின் விற்பவருக்கு இத்தகைய பேச்சு வேண்டாததாகிவிடும்.

வாங்கும் நாட்டார் செய்யும் மாறுதல்கள்

ஏற்றுமதி குறைவதற்கு நம் சர்க்காரின் உத்தரவே காரணமாயிருக்க வேண்டுமென்பதில்லை. 2025 செப்டம்பரில் இந்தோனேசியா, அபிளாடாக்சின் என்னும் பூசண நஞ்சைக் காரணங்காட்டி இந்திய மணிலாக்கொட்டையின் இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. நம் துறைமுகத்தில் தடை ஏதும் இல்லை. வாங்குமிடத்தில் கதவு மூடப்பட்டது. இதை வதந்தி என்று தள்ளியவரும், மணிலாக்கொட்டை ஏற்றுமதியே அடியோடு நின்றுவிட்டது என்று நம்பியவரும் இருவருமே தவறினர். மல்லாட்டையைச் சரியாக உலர்த்தாமல் ஈரத்தோடு குவித்து வைப்பதே இந்நஞ்சுக்கு முக்கிய இடம் என்பதால், இந்தச் செய்தியில் விவசாயிக்கு உபயோகமான பகுதி களத்தைச் சேர்ந்ததே. பருப்பில் ஈரம் நூற்றுக்கு 8 வீதத்துக்கு மேற்படாமல் உலர்த்தி, உடைந்த காயையும் சுருங்கிய காயையும் பொறுக்கி நீக்கிவிட்டால் பெரும்பகுதி அபாயம் அகலும்.

அவ்வாண்டு ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின்மேல் வரியை 50 வீதமாக உயர்த்தியதும் இவ்வினத்தைச் சேர்ந்தது. அவ்வரி அமெரிக்கத் துறைமுகத்தில், அந்நாட்டு இறக்குமதியாளரிடம் வாங்கப்படுவது; சென்னையில் எவரும் வாங்குவதில்லை. அதன் விளைவு ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளின் ஆர்டரில் தெரியும். அவ்விகிதங்கள் பிறகு மாறுதலுக்குள்ளாகியிருப்பதால், பழைய தேதியிட்ட செய்தியைப் புதிதென்று காட்டுவது இவ்விஷயத்தில் மிக எளிது.

இலங்கைக் கடல்வழியைப்பற்றிய பேச்சுகளும் அவ்வப்போது எழுகின்றன. தனுஷ்கோடி–தலைமன்னார் வழி 1914-ல் திறக்கப்பட்டு, 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு முடிந்தது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபர் 14-ல் கப்பல் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டு 16-ல் மீண்டும் ஓடியது. அது பிரயாணிகளுக்கான கப்பல். காய்கறி மூட்டை அனுப்பும் சரக்கு வழியன்று. இரு நாடுகளுக்குமிடையே பாலம் அமைப்பதைப்பற்றி 2023 ஜூலையில் அறிவிக்கப்பட்டது சாத்தியக்கூறு ஆராய்ச்சியேயாகும்.

கிராமத்தில் விசாரிக்கும் விதம்

செய்தி ஒன்று வந்தால் முதலில் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: எப்பொருள், எவ்வகை, தடையா, வரியா, குறைந்தபட்ச விலையா, பதிவா, உத்தரவிட்டது எந்த இலாகா, எந்த எண், எந்தத் தேதி, எந்நாள் முதல் எந்நாள் வரை. இந்நான்கில் மூன்றாவது இல்லாத செய்தியை முடிவுக்கு ஆதாரமாகக் கொள்ளலாகாது. அனுமதி, தடை, குறைந்தபட்ச விலை ஆகியவற்றை அயல்நாட்டு வாணிபத் தலைமை இயக்குநரகமும், வரி விகிதத்தைச் சுங்க வாரியமும் அறிவிக்கின்றன. இவ்விரண்டின் அறிவிக்கைகளும் அவற்றின் இணையதளங்களிலும் மின் கெஜட்டிலும் எவரும் பார்க்கும்படி கிடைக்கின்றன. மத்திய சர்க்காரைப்பற்றிய ஐயமான செய்திகளைப் பத்திரிகைத் தகவல் நிலையத்தின் உண்மை அறியும் பிரிவுக்கு அனுப்பி விடை பெறவும் வழியுண்டு. அப்பிரிவு 2019 முதல் நடைபெற்று வருகிறது.

கைப்பேசியில் வரும் உத்தரவு நகல்களில் பல உண்மையான பழைய உத்தரவுகளே. 2023-ஆம் ஆண்டுத் தடை உத்தரவை, மேலே தேதியுள்ள வரி தெரியாதபடி வெட்டி அனுப்பினால், அசோகச் சின்னமும் கையொப்பமும் உள்ள உண்மைக் காகிதமாகவே அது தோன்றும். ஆகையால் நகலின் முதல் வரியையும் கடைசி வரியையும் காணாமல் நம்புதல் கூடாது. அவ்வுத்தரவு பிறகு திருத்தப்பட்டதா என்பதையும் அதே இணையதளத்தில், அதற்குப் பின்னுள்ள தேதிகளைப் பார்த்தே அறியவேண்டும். தடை உத்தரவைப் பரப்புவோர், அதை நீக்கிய உத்தரவைப் பரப்புவதில்லை.

கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் தாம் சரிபார்க்காத செய்தியைத் தம் பெயரால் மேலனுப்புதல் தகாது. அலுவலர் அனுப்பியதென்ற காரணத்தாலேயே அது ஊரில் உத்தரவுபோல் மதிக்கப்படும். சரிபார்த்தவற்றை அறிவிக்கையின் எண்ணும் தேதியும் குறித்து, பொருளின் பெயரைப் பச்சரிசி, புழுங்கல், நொய், மணிலாப் பருப்பு என்று ஊர் வழக்கிலேயே எழுதி ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். திருத்த உத்தரவு வந்த நாளில் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டவேண்டும். கொள்முதல் நிலையத்து விலையையும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் அன்றைய விலையையும் அதே பலகையில் மூட்டைக் கணக்காகவும் குவிண்டால் கணக்காகவும் எழுதிவைப்பது, அறுவடை மாதங்களிலேனும் தவறாமல் செய்யத்தக்கது.